இரத்தமா குற்றவாளி?

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்றொரு பழமொழி நம் நாட்டிலே நெடுநாளாக நடமாடி வருகிறது. பெண் பார்க்கச் செல்வோர் இதனைச் சொல்கின்றனர். பள்ளியிலே பின்தங்கிவிட்ட சிறுமியைக் காட்டி ஆசிரியர் சொல்கிறார். குடித்துவிட்டுத் தெருக்கோடியிலே விழுந்து கிடப்பவனுடைய மகள் தண்ணீர்க் குடத்துடன் தலைகுனிந்து போகும்போது, திண்ணையிலே அமர்ந்திருப்போர் சொல்கின்றனர். அவர்கள் சொல்வது பற்றி நமக்கு வியப்பில்லை. வியப்பும் வேதனையும் வேறொரு இடத்திலே! சாதகத்தைக் கிழித்தெறிந்த தோழர்கள், சடங்குகளைச் சாடிடும் தோழர்கள், "தலையெழுத்து என்று ஒன்றில்லை" என்று மேடையேறி முழங்கிடும் தோழர்கள்கூட, வீட்டுக்கு மருமகளைத் தேடும் வேளையிலே, "தகப்பன் பெருங்குடிகாரனாமே! அந்த இரத்தம் எப்படி இருக்குமோ!" என்று தயங்குவதைப் பார்த்திருக்கிறோம். தலையிலே எழுதியிருந்ததை அழித்துவிட்டு, இரத்தத்திலே எழுதி வைத்துக்கொள்கிறோமா? இந்த ஐயம் நம்மை அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஐயத்துடனேயே ஒரு நாவலை மறுபடி எடுத்துப் படித்தோம்.

நாவலை எழுதியவர் எமிலி ஜோலா. 'ஏழை பங்காளர்' என்று அறிஞர் அண்ணா அவர்கள் தமிழருக்கு அறிமுகப்படுத்தி வைத்த பிரெஞ்சு எழுத்தாளர். பொய்க் குற்றம் சாட்டப்பட்டுத் தீவுச் சிறையிலே வதைந்த டிரைபஸ் என்ற யூத அதிகாரிக்காக, 1898 சனவரி 13-ஆம் நாள், ஆட்சியாளரையும் படைத்தலைவர்களையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டிய பேனா வீரர். அவர் 1871 முதல் 1893 வரை ஒரே குடும்பத்தின் கிளைகளைப் பற்றி 20 நாவல்கள் எழுதினார். ஏழாவது நாவல் 'லசொம்முவார்'. 1877-இல் நூலாக வெளிவந்தது. அந்தச் சொல் மலிவான சாராயக் கடையைக் குறிக்கும்; அடித்து வீழ்த்துவது என்ற பொருள் அதன் வேரிலேயே இருக்கிறது. அந்த நாவலிலே குழந்தையாய் அறிமுகமாகும் 'நானா' என்ற பெண்ணின் பிற்கால வாழ்வை, 1880-இல் அவள் பெயராலேயே ஒன்பதாவது நாவலாக எழுதினார்.

வணங்கத்தக்க எழுத்தாளர்தாம். எனினும் வணக்கம் வேறு, வழிபாடு வேறு. பெரியவர் எழுதினார் என்பதற்காகப் பிழையை விழுங்குவது பகுத்தறிவாளர் பண்பன்று. எனவே, நூலின் உண்மையைப் போற்றி, நூலாசிரியரின் கோட்பாட்டை மட்டும் கூண்டிலே நிறுத்துவோம்.

கதை நடப்பது பாரிசு நகரின் வடபகுதியிலே, கூத்-தோர் என்ற தெருவிலே. பொன்துளி என்று பொருள். பெயரிலேதான் பொன்! தெருவிலே ஏழைத் தொழிலாளர் நூற்றுக்கணக்கிலே அடைந்து கிடக்கும் பெருங்கட்டடம். அருகே கொலோம்ப் என்பவனுடைய சாராயக் கடை. கடைக்குள்ளே செம்பினாலான வடிகலம், இரவு பகலாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்வேஸ் என்ற சலவைத் தொழிலாளியும், வீட்டுக் கூரைகளுக்குத் துத்தநாகத் தகடு பொருத்தும் கூப்போ என்ற தொழிலாளியும் மணந்துகொள்கின்றனர். அவர்களுடைய மகள்தான் நானா.

கூப்போ தொடக்கத்திலே குடிகாரனல்லன். குடியை வெறுப்பவன்! குடித்துவிட்டுக் கூரையேறி விழுந்து மாண்ட தந்தையின் முடிவை எண்ணி, சாராயத்தை விலக்கி வைத்தவன். தோழர்கள் கேலி பேசியும் மசியாதவன். கணவனும் மனைவியும் உழைத்து, மிச்சம் பிடித்து, ஒரு சலவைக் கடை வைக்கத் திட்டமிடுகின்றனர். அந்த வேளையிலே ஒருநாள், மூன்றாவது மாடிக் கூரையிலே கூப்போ வேலை செய்துகொண்டிருக்கிறான். கீழே மனைவி, கையிலே குழந்தை நானா. "அப்பா!" என்று குழந்தை அழைக்கிறது. திரும்பிப் பார்க்கிறான், கால் இடறுகிறது, விழுகிறான்.

கால் முறிந்தவனுக்கு நட்டஈடு உண்டா? இல்லை. முதலாளிக்குப் பொறுப்பு உண்டா? இல்லை. சேமிப்பு முழுதும் மருந்துக்கும் படுக்கைக்கும் கரைகிறது. கடை வைக்க, நண்பன் கடனாகத் தந்த 500 பிராங்கை நாட வேண்டியதாகிறது. மாதக்கணக்கிலே முடங்கிக் கிடந்தவன், தந்தை குடித்து விழுந்தது நியாயம், நான் குடிக்காமல் விழுந்தேனே என்று உலகத்தின்மீது கசந்துகொள்கிறான். உழைப்பின்மீது வெறுப்பு, வெறுப்பை மறக்க ஒரு கோப்பை, பிறகு கோப்பை கோப்பையாக. பிரான்சிலே வேலையின்போது விபத்துக்குள்ளான தொழிலாளிக்கு நட்டஈடு தரும் சட்டம் வந்தது 1898 ஏப்ரல் 9-இல். கூப்போ விழுந்ததோ அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பு! இரத்தத்திலே சாராயத்தைத் தேடுவோரை நாம் கேட்கிறோம்: அந்தக் கூரைக்கும் கடைக்கும் இடையிலே நடந்ததை ஏன் கணக்கிலே சேர்க்க மறுக்கிறீர்கள்?

நானா வளர்கிறாள். வளர்க்கப்படவில்லை, வளர்கிறாள். தந்தை குடித்துவிட்டு அறைகிறான். தாயின் பழைய காதலன் லாந்தியே வீட்டிலேயே வந்து தங்குகிறான். கணவன் வாந்தியெடுத்துக் கட்டிலை நாசமாக்கிய ஓர் இரவு, ஜெர்வேஸ் அந்த மனிதனின் அறைக்குள் செல்கிறாள். கண்ணாடிக் கதவின் பின்னால் ஒரு சிறுமியின் முகம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த முகத்திடம் யாரும் எதுவும் பேசியதில்லை. பிறகு துணியிலே பூச்செய்யும் பட்டறையிலே வேலைக்கு அனுப்புகின்றனர். கடை போகிறது, சாமான்கள் ஒவ்வொன்றாய் அடகுக் கடைக்குப் போகின்றன, தாயும் கொலோம்ப் கடையிலே கோப்பை ஏந்தக் கற்றுக்கொள்கிறாள். ஓர் இரவு நானா வேலை முடிந்து வீடு திரும்புகிறாள். தந்தை கட்டிலின் குறுக்கே விழுந்து குறட்டை விடுகிறான். தாய் நாற்காலியிலே சாய்ந்து, கண் சொருகி, தலை ஆடிக்கொண்டிருக்கிறாள். அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது, மேசையிலே உணவில்லை. பெண் நின்று பார்க்கிறாள். தலையிலிருந்த தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறாள்.

"கெட்டுப்போனாள்" என்று உலகம் சொல்கிறது. நாம் அந்தக் குளிர்ந்த அடுப்பைப் பார்க்கிறோம்.

அதே கட்டடத்திலே இன்னொரு சிறுமி. பெயர் லாலி. தந்தை பிஜார், பூட்டுத் தொழிலாளி, குடித்தால் விலங்கு. குடிவெறியிலே மனைவியின் வயிற்றிலே உதைக்கிறான், அவள் மாள்கிறாள். எட்டு வயது லாலி அன்று முதல் தம்பிக்கும் தங்கைக்கும் தாயாகிறாள். சமைக்கிறாள், துவைக்கிறாள், துடைக்கிறாள். தந்தையோ அவளைச் சாட்டையால் அடிக்கிறான். கட்டிலிலே கட்டிப் போடுகிறான். காசைப் பழுக்கக் காய்ச்சி, "எடுத்துக்கொண்டு போய் ரொட்டி வாங்கி வா" என்கிறான். அவள் எவரிடமும் முறையிடுவதில்லை. இறுதியிலே உடலெல்லாம் தழும்புடன் சாய்கிறாள். சாட்டையுடன் வந்த தந்தையிடம், படுத்துவிட்டதற்காக மன்னிப்புக் கேட்டு, வீட்டுக் கணக்கையும் பிள்ளைகளின் தேவையையும் சொல்லிவிட்டு, மாள்கிறாள்.

ஒரே கட்டடம், இரண்டு குடிகாரர், இரண்டு பெண்கள். இப்போது ஜோலாவின் கோட்பாட்டை அழைப்போம்.

அவருடைய காலத்திலே பெற்றோரின் தீயொழுக்கம் இரத்தத்தின் வழியே இறங்கி, தலைமுறைக்குத் தலைமுறை பெருகி, குடும்பத்தையே அழுகச் செய்யும் என்ற கருத்து, அறிவியல் உடையணிந்து உலவியது. மோரெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1857-இல் 'சீரழிவு' பற்றிப் பெருநூல் எழுதினார். லுக்காஸ் என்பவர் பரம்பரை பற்றி எழுதியதை ஜோலா ஊன்றிப் படித்தார். தம் நாவல் மாந்தருக்கு ஒரு வமிச விருட்சமே வரைந்தார். 'நானா' நாவலிலே ஒரு பத்திரிகைக்காரன் கட்டுரை எழுதுகிறான்: குடிகாரர் பரம்பரையிலே பிறந்த பெண், குப்பைமேட்டிலிருந்து கிளம்பிய பொன்னிற ஈ, மாளிகைக்குள் நுழைந்து பிரபுக்களையெல்லாம் நஞ்சாக்குகிறது என்று. எழுதுபவன் கதைமாந்தன், என்றாலும் குரல் ஆசிரியருடையது.

அப்படியானால் லாலி யார்? அவளும் குடிகாரனின் மகள்தானே! கூப்போவைவிடக் கொடியவனின் மகள்! இரத்தம்தான் எழுத்தாணி என்றால், அவளிடம் ஏன் அது எழுத மறந்தது?

இன்னொரு சான்றையும் ஜோலாவே தருகிறார். ஜெர்வேசுக்கு 500 பிராங்க் கொடுத்துதவிய நண்பன் கூஜே, இரும்புப் பட்டறைத் தொழிலாளி. அவனுடைய தந்தை குடிவெறியிலே உடன் வேலை செய்தவனைக் கொன்று, சிறையிலே தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவன். மகனோ அந்தத் தெருவிலேயே பண்பானவன், குடிக்கு அடிமையாகாதவன். காரணம்? லேஸ் செப்பனிடும் தொழில் செய்து, அவனை அணைத்து வளர்த்த ஒரு தாய். கையிலே ஒரு தொழில். இரவு உண்ணச் சுடுசோறு. ஒழுங்கான ஓர் அறை.

மூன்றாவது சான்று நானாவின் அண்ணன்மார். ஜெர்வேசுக்கு முன்பே பிறந்த இருவர். ஒருவனின் ஓவியத் திறனைக் கண்ட முதியவர் படிக்க வைப்பதாக அழைத்துக்கொள்கிறார். மற்றவன் தொழில் பயில அனுப்பப்படுகிறான். 1885-இல் வெளிவந்த 'ஜெர்மினல்' நாவலிலே சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குபவன் அவனே. அவர்களையும் ஜோலாவின் கோட்பாடு விடாமல் துரத்துகிறது, உண்மைதான். எனினும் கதவு திறந்தது யாருக்கு என்று பாருங்கள். ஆண்பிள்ளைகளுக்கு வெளியேற ஒரு வாயில் கிடைத்தது, பள்ளியாகவோ பட்டறையாகவோ. பெண்பிள்ளை மட்டும் அந்த வீட்டிலேயே, அந்தக் கண்ணாடிக் கதவின் பின்னாலேயே விடப்பட்டாள். இதற்குப் பெயர் பரம்பரையா? பாரபட்சமா?

ஜோலாவின் கண் கண்டதை அவருடைய கோட்பாடு மறைக்கப் பார்க்கிறது. கண்ணே வெல்கிறது. அதனால்தான் அவர் பெரும் எழுத்தாளர்.

இதை வெறும் இலக்கியச் சச்சரவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. 'கெட்ட இரத்தம்' என்ற கருத்து நூலகத்திலேயே தங்கிவிடவில்லை. 1907-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், 'தகுதியற்றோர்' என்று கருதப்பட்டவர்க்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. இட்லரின் செருமனி 1933 சூலை 14-ஆம் நாள் இயற்றிய சட்டத்திலே, கடுங்குடியரையும் அந்தப் பட்டியலிலே சேர்த்தது. அச்சட்டத்தின்கீழ் ஏறக்குறைய 4 இலட்சம் பேர் கத்திக்கு இரையாயினர். பிறப்பினாலே தாழ்ந்தவன் என்ற வருணக் கொள்கையின் கொடுமையை அறிந்த நமக்கு, இதன் உறவு யார் சொல்லியும் தெரிய வேண்டியதில்லை. அங்கே விஞ்ஞானச் சட்டை, இங்கே வேதச் சட்டை. உள்ளே இருக்கும் உடல் ஒன்றுதான்.

இன்றைய அறிவியல் என்ன சொல்கிறது? நேர்மையாகச் சொல்வோம். குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதிலே மரபணுவுக்கும் பங்குண்டு. இரட்டையரை ஆராய்ந்தோர் அப்பங்கு ஏறக்குறைய பாதி என்கின்றனர். அது வாய்ப்பின் அளவு, தீர்ப்பு அன்று. பலநூறு மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தரும் சாய்வு அது. ஒழுக்கத்தையோ கேட்டையோ சுமந்து வரும் இரத்தம் என்று ஒன்று எந்த ஆய்வுக்கூடத்திலும் கண்டறியப்படவில்லை. அவாயைச் சேர்ந்த கவாய்த் தீவிலே, 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அறிஞரும் உடன் பணிபுரிந்தோரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வறுமை, பெற்றோரின் குடி, குடும்பச் சச்சரவு என இடர்கள் பல சூழப் பிறந்த குழந்தைகளுள், மூன்றிலொரு பங்கினர் திறமும் அன்பும் தன்னம்பிக்கையும் உடையோராய் வளர்ந்தனர். அவர்களைத் தாங்கியது எது என்று தேடினால், திரும்பத் திரும்பத் தென்பட்டது ஒன்று: நிலையாக அன்பு காட்டிய ஒரு பெரியவர். பாட்டியோ, ஆசிரியரோ, அண்டைவீட்டாரோ! கூஜேக்கு ஒரு தாய் கிடைத்தாள். நானாவுக்கு எவரும் கிடைக்கவில்லை.

அடுத்து, வாசகரின் குற்றத்துக்கு வருவோம். நம்முடைய குற்றமும் அதிலே உண்டு. நானாவைக் கண்டு முகம் சுளிப்பவர், லாலியைக் கண்டு கண்ணீர் வடிக்கின்றனர். "தெய்வக் குழந்தை! எத்துணைப் பொறுமை!" என்று உருகுகின்றனர். நாமும் முதன்முறை படித்தபோது உருகினோம், மறைப்பானேன்? மறுமுறை படித்தபோது அந்தக் கண்ணீர் நம்மையே சுட்டது. எட்டு வயதுச் சிறுமி சாட்டைக்கு முதுகு காட்டி, அடித்தவனிடமே மன்னிப்புக் கேட்டு மாள்வது பொறுமையா? அது பண்பென்றால், அப்பண்பு யாருக்குப் பயன்பட்டது? சாட்டைக்காரனுக்குத்தானே! கல்லானாலும் கணவன் என்று மனைவிக்குச் சொன்ன அதே வாய்தான், குடியனானாலும் தந்தை என்று மகளுக்குச் சொல்கிறது. கற்பு என்ற சொல் ஒரு பாலுக்கு மட்டும் மாட்டப்பட்ட விலங்கு என்பதைத் தந்தை பெரியார் அவர்கள் நமக்கு உணர்த்தினார்கள். பெண்குழந்தையின் பொறுமை என்பது அதே விலங்கு, சிறு அளவிலே அடிக்கப்பட்டது. ஓடிப்போனவளைப் பரத்தை என்கிறோம். ஓடாமல் மாண்டவளைத் தெய்வம் என்கிறோம். இருவரும் குழந்தைகள் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

கட்டடத்திலே இத்தனை குடும்பங்கள் இருந்தனவே, அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பிஜாரின் அறையிலிருந்து கிளம்பும் ஓசை எல்லாச் சுவர்களையும் தாண்டி வந்தது. ஜெர்வேஸ் ஓடிச் சென்று தடுத்ததும் உண்டு. பிறகு? அவளுக்கே சோறில்லை, அவள் வீட்டிலும் குடி. மற்றவர்களுக்கோ அது தந்தையின் உரிமை! சட்டமும் அப்படித்தான் சொல்லிற்று. 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடியியல் சட்டப்படி, 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தந்தை விரும்பினால் ஒரு திங்கள் சிறையிலே அடைக்கச் செய்யலாம். நீதிபதி மறுக்க இயலாது. பிள்ளையை அடைக்கத் தந்தைக்கு வழி இருந்தது. தந்தையிடமிருந்து தப்பப் பிள்ளைக்கு வழி இல்லை. மனைவிக்கும் வழி இல்லை. மணவிலக்கு 1816-இல் ஒழிக்கப்பட்டு, 1884-இல்தான் மீண்டது. கட்டாயக் கல்வி 1882-இல் வந்தது. கொடுமைக்குள்ளான குழந்தைகளைத் தந்தையின் அதிகாரத்திலிருந்து மீட்கும் சட்டம் 1889 சூலை 24-இல் வந்தது. குழந்தைகளை வதைப்போரைத் தண்டிக்கும் சட்டம் 1898 ஏப்ரல் 19-இல். சட்டம் வந்ததும் சாட்டைகள் ஓய்ந்துவிட்டன என்று சொல்ல மாட்டோம். ஆனால், இரத்தத்தை மாற்ற எவராலும் முடியாது. சட்டத்தை மாற்ற மனிதரால் முடிந்தது. அதுதான் நாம் பற்றிக்கொள்ள வேண்டிய செய்தி.

ஜோலாவும் இதனை அறியாதவர் அல்லர். மக்கள் கெட்டவர்கள் அல்லர், கடும் உழைப்பும் வறுமையும் சூழ்ந்த இடம் அவர்களைக் கெடுக்கிறது என்று முன்னுரையிலே வாதாடியிருக்கிறார். சாராயக் கடையை மூடி, பள்ளியைத் திறக்கவேண்டும் என்ற கருத்தை 1877-இல் ஒரு கடிதத்திலும் எழுதினார். அந்த ஜோலாவை நாம் நெஞ்சாரத் தழுவுகிறோம். ஆனால் மூன்றாண்டு கழித்து, 'நானா'வின் முடிவை எழுதுகையிலே, அவர் பேனாவைப் பழைய புராணிகன் வந்து பிடித்துக்கொண்டான். 1870-இலே, பாரிசு நகரின் ஒரு பெரிய ஓட்டலிலே, பெரியம்மை கண்டு அவள் மாள்கிறாள். அழகிய முகம் அழுகியதை வரி வரியாக வருணிக்கிறார். பாவம் செய்த பெண்ணுக்குத் தொழுநோய் தந்த புராணத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அவளால் நாசமான பிரபுக்களுக்கு இத்தகைய தண்டனை ஏன் இல்லை? நுணுகிப் படிப்போர்க்கு மட்டும் ஓர் உண்மை புலப்படும்: அந்த நோய் அவளுக்கு வந்தது, நோயுற்ற தன் சிறுமகனைப் பார்க்கச் சென்றபோது. அதாவது, அவளைக் கொன்றது கெட்ட இரத்தமன்று, தாயன்பு! தன் தாயிடம் தனக்குக் கிடைக்காததைத் தன் பிள்ளைக்குத் தரச் சென்றவள் அவள். ஜோலாவின் கோட்பாடு இதைக் காணவில்லை. அவருடைய கண் கண்டிருக்கிறது; எழுதி வைத்திருக்கிறது.

தோழர்களே! நூலை மூடும் முன் நம் திண்ணைக்குத் திரும்புவோம். நூலைப் போலச் சேலை என்கிறார்களே, சேலை தானாக நெய்துகொள்கிறதா? நெய்பவன் உண்டு, தறி உண்டு, நெய்யும் அறையிலே வெளிச்சம் உண்டா இல்லையா என்ற கேள்வி உண்டு. நூல்மீது மட்டும் பழி போடுவது, நெய்தவனைத் தப்பவிடும் தந்திரம். நம் தெருவிலும் குளிர்ந்த அடுப்பு உண்டு. அதன் எதிரே நின்று, உள்ளே போவதா வெளியே போவதா என்று தயங்கும் சிறுமி உண்டு. அவளுடைய பாட்டனார் குடித்தாரா என்று விசாரிப்பது நம் வேலையன்று. அவள் இன்று உண்டாளா, பள்ளிக்குச் சென்றாளா, இரவிலே பாதுகாப்பாக உறங்க இடமுண்டா, அடி விழுந்தால் ஓடிவந்து தட்ட ஒரு கதவு உண்டா என்று கேட்பதே நம் வேலை. நாளை அவளை மருமகளாக ஏற்கத் தயங்காதிருப்பதும் நம் வேலைதான்.

அந்தக் கதவு நம் வீட்டுக் கதவாக இருக்கட்டும்.